ஆசிய விளையாட்டுப் போட்டிகள்: வந்தவர்களும் வராதவர்களும்

"ஒலிம்பிக் இருக்கும்போது ஆசியாவுக்கென்று தனியாக ஒரு போட்டி எதற்கு? அதை யார், எப்படித் தொடங்கினார்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள். சுருக்கமாகச் சொன்னால், 1951 மார்ச் 4 அன்று டெல்லியில் தொடங்கியது. அதற்கு முழுமுதல் காரணம் ஜி.டி. சோந்தி என்ற கல்லூரிப் பேராசிரியர். ஆனால் இந்தப் பதிலோடு நிறுத்தினால் கதையின் முக்கியமான பகுதி விட்டுப்போகும். ஆசியாட் என்று சுருக்கி அழைக்கப்படும் இந்த ஆசிய விளையாட்டுப் போட்டி பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் பதக்கப் பட்டியலைப் பிடித்துக்கொண்டே போகிறார்கள். ஒவ்வொரு முறையும் எந்த நாடு வந்தது, எது வரவில்லை, எதை உள்ளே விடவில்லை என்று பார்த்தால்தான் இந்தப் போட்டியின் உண்மையான வரலாறு புரியும் என்பது என் எண்ணம்.

1951-க்கு முன்பே இரண்டு முயற்சிகள் நடந்தன. முதலாவது 1913-இல் மணிலாவில் தொடங்கிய தூரக் கிழக்கு விளையாட்டுப் போட்டி. கிறிஸ்தவ இளைஞர் அமைப்பான ஒய்.எம்.சி.ஏ.வைச் சேர்ந்த எல்வுட் பிரவுன் என்ற அமெரிக்கர் முன்னின்று நடத்தினார். பிலிப்பைன்ஸ், சீனா, ஜப்பான் மூன்றும் மாறி மாறி நடத்தி, 1934 வரை பத்து முறை நடந்தது. ஜப்பான் மஞ்சூரியாவைப் பிடித்து மஞ்சுகுவோ என்ற பெயரில் ஒரு பொம்மை அரசை நிறுவியிருந்த காலம் அது. அந்த 'நாட்டையும்' போட்டியில் சேர்க்க வேண்டும் என்று ஜப்பான் அடம்பிடித்தது. தன் மண்ணைப் பறித்து உருவாக்கிய நாட்டோடு சீனா எப்படி ஒரே மைதானத்தில் நிற்கும்? அது விலகியது. போட்டியும் அத்தோடு முடிந்தது.

இரண்டாவது, அதே 1934-இல் டெல்லியிலும் பாட்டியாலாவிலும் நடந்த மேற்காசிய விளையாட்டுப் போட்டி. இந்தியா, ஆப்கானிஸ்தான், இலங்கை, அன்று பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த பாலஸ்தீனம் என்று நான்கு அணிகள்தான். அடுத்தது 1938-இல் டெல் அவிவில் என்று முடிவானது, ஆனால் நடக்கவில்லை. இதை ஏற்பாடு செய்தவரும் சோந்திதான்.

குரு தத் சோந்தி லாகூர் அரசுக் கல்லூரியில் முதல்வராக இருந்தவர். 1932 முதல் சர்வதேச ஒலிம்பிக் குழுவின் உறுப்பினர். 1947 மார்ச்சில் டெல்லியில் ஆசிய உறவுகள் மாநாடு கூடியபோது, ஆசிய நாடுகள் எல்லாம் சேரும் ஒரு விளையாட்டுப் போட்டி வேண்டும் என்ற யோசனையை அவர் முன்வைத்தார். இந்தியாவே இன்னும் விடுதலை பெறாத நேரம் அது. அடுத்த ஆண்டு லண்டன் ஒலிம்பிக் நடந்தபோது, அங்கு வந்திருந்த ஆசிய அணிகளின் தலைவர்களைக் கூட்டி வைத்துப் பேசினார். 1949 பிப்ரவரியில் டெல்லியில், பாட்டியாலா மகாராஜா யாதவிந்திர சிங்கைத் தலைவராகக் கொண்டு ஆசிய விளையாட்டுக் கூட்டமைப்பு உருவானது. 'எப்போதும் முன்னோக்கி' என்ற பொருள் தரும் அதன் முழக்கமும் சோந்தி தந்ததுதான். அவருடைய லாகூர் அதற்குள் எல்லைக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. நாடு இரண்டாகப் பிளந்த காயம் ஆறுவதற்குள் ஒரு கண்டத்தைக் கூட்டி வைக்க நினைத்த மனிதரின் பெயர் இன்று இந்தியாவிலேயே பலருக்குத் தெரியாது. எனக்கு இதில் தீராத வருத்தம் உண்டு.

1950-இல் நடத்தத் திட்டமிட்டார்கள், முடியவில்லை. ஓராண்டு தள்ளிப்போய் 1951 மார்ச்சில் டெல்லி நேஷனல் ஸ்டேடியத்தில் குடியரசுத் தலைவர் ராஜேந்திர பிரசாத் தொடங்கி வைத்தார். செங்கோட்டையில் சூரிய ஒளியைக் குவித்து ஏற்றிய தீபத்தை மைதானத்துக்குக் கொண்டுவந்தார்கள். 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஓடிய தலீப் சிங் சுடரை ஏற்றினார். 11 நாடுகள், 489 வீரர்கள், 6 விளையாட்டுகள், எட்டு நாட்கள். இன்றைய அளவுக்குச் சின்னதுதான். ஆனால் அந்த 11 நாடுகளின் பெயர்களைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள்: இந்தியா, இலங்கை, நேபாளம், ஆப்கானிஸ்தான், ஈரான், பர்மா, தாய்லாந்து, சிங்கப்பூர், இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ், ஜப்பான்.

கடைசிப் பெயர்தான் முக்கியம். இரண்டாம் உலகப் போரில் தோற்ற ஜப்பானை 1948 லண்டன் ஒலிம்பிக்குக்கு அழைக்கவில்லை. 1951 மார்ச்சில் ஜப்பான் இன்னும் அமெரிக்கத் தலைமையிலான படைகளின் ஆக்கிரமிப்பில்தான் இருந்தது. அமைதி ஒப்பந்தம் கையெழுத்தானதே அந்த ஆண்டு செப்டம்பரில்தான். அந்த ஜப்பானை டெல்லி அழைத்தது. ஜப்பானியப் படையின் கொடுமையைச் சில ஆண்டுகளுக்கு முன்புதான் அனுபவித்திருந்த பிலிப்பைன்ஸ், பர்மா, சிங்கப்பூர் வீரர்கள் அதே மைதானத்தில் அணிவகுத்தார்கள். 24 தங்கத்துடன் ஜப்பான் முதலிடம், 15 தங்கத்துடன் இந்தியா இரண்டாமிடம். இந்தியாவின் முதல் தங்கம் நீச்சலில் வந்தது என்றால் இன்று நம்புவது கடினம்: 100 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் சச்சின் நாக். ஓட்டத்தில் லெவி பின்டோ 100, 200 மீட்டர் இரண்டையும் வென்றார். பெண்கள் 100 மீட்டரில் ரோஷன் மிஸ்திரி வெள்ளி வாங்கினார். கால்பந்து இறுதியில் மேவாலால் அடித்த ஒரே கோலில் ஈரானைத் தோற்கடித்துத் தங்கம் கிடைத்தது.

வராதவர்களையும் பார்க்க வேண்டும். பாகிஸ்தான் வர மறுத்தது. சீனா அணி அனுப்பவில்லை. கொரியாவில் போர் நடந்துகொண்டிருந்தது. 1954 மணிலாவில் பாகிஸ்தானும் தென் கொரியாவும் தைவானும் இஸ்ரேலும் சேர்ந்தன. அதே தைவானும் இஸ்ரேலும்தான் அடுத்த கால் நூற்றாண்டுக்கு இந்தப் போட்டியின் மிகப்பெரிய சிக்கல்களாகப் போகின்றன.

1958 டோக்கியோவை நான் தனியாகக் குறிப்பிட விரும்புவது ஒரு யாழ்ப்பாணத்துக்காரருக்காக. உயரம் தாண்டுதலில் 2.03 மீட்டர் தாண்டி நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் தங்கம் வென்றார். ஆசிய விளையாட்டில் இலங்கைக்குக் கிடைத்த முதல் தங்கம் அது. யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் படித்தவர். ஹெல்சின்கி, மெல்போர்ன் என இரண்டு ஒலிம்பிக்குகளிலும் இலங்கைக்காகப் பங்கேற்றவர். இலங்கையில் இனக் கலவரம் வெடித்ததும் அதே 1958-தான், டோக்கியோ போட்டி தொடங்கிய அதே மே மாதம்தான். இந்த இரண்டையும் சேர்த்து நினைக்காமல் என்னால் அந்தத் தங்கத்தைப் பற்றிப் பேச முடிவதில்லை.

டோக்கியோவில்தான் மில்கா சிங் 200, 400 மீட்டர் இரண்டையும் வென்றார். ஹாக்கி முதன்முறையாகச் சேர்க்கப்பட்டது. இந்தியாவும் பாகிஸ்தானும் கோலில்லாமல் சமன் செய்ய, கோல் கணக்கில் தங்கம் பாகிஸ்தானுக்குப் போனது. ஜப்பானுக்கு அது வேறொரு வகையில் முக்கியம். அன்று கட்டிய தேசிய மைதானத்தையும் போட்டியை நடத்திய விதத்தையும் ஒலிம்பிக் குழுவினருக்குக் காட்டி, அடுத்த ஆண்டே 1964 ஒலிம்பிக்கைப் பெற்றுக்கொண்டார்கள். ஆசியாட் நடத்திக் காட்டி ஒலிம்பிக் வாங்கும் இந்த வழியைப் பிறகு பெய்ஜிங்கும் பின்பற்றியது.

இனி 1962 ஜகார்த்தா. என்னைப் பொறுத்தவரை ஆசியாட் வரலாற்றின் மையமே இதுதான். சோவியத் உதவியோடு கட்டிய பிரம்மாண்டமான செனாயன் மைதானத்தில் போட்டியை நடத்திய இந்தோனேசிய அதிபர் சுகர்னோவின் அரசு, தைவானுக்கும் இஸ்ரேலுக்கும் விசா கொடுக்கவில்லை. ஒன்று சீனாவின் நட்புக்காக, மற்றொன்று அரபு நாடுகளின் நட்புக்காக. உறுப்பு நாடுகளைத் தடுத்துவிட்டு இதை ஆசிய விளையாட்டு என்று அழைக்கக் கூடாது என்று எதிர்த்து நின்றவர் சோந்தி. தான் பெற்ற பிள்ளைக்கே அந்தப் பெயர் கூடாது என்று சொல்லும் நிலை அவருக்கு. ஜகார்த்தாவில் கோபம் வெடித்தது. இந்தியத் தூதரகம் தாக்கப்பட்டது. சோந்தி நாட்டைவிட்டு வெளியேற வேண்டியதாயிற்று.

அதற்கு மறுநாள், செப்டம்பர் 4 அன்றுதான் கால்பந்து இறுதிப் போட்டி. ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் நிறைந்த மைதானம் முழுக்க இந்தியாவுக்கு எதிராகக் கூச்சலிட்டது. எதிரே தென் கொரியா. தலையில் தையல் போட்டிருந்த ஜர்னைல் சிங்கைத் தற்காப்பிலிருந்து எடுத்து முன்களத்தில் நிறுத்தினார் பயிற்சியாளர் சையது அப்துல் ரஹீம். பி.கே. பானர்ஜி ஒன்று, ஜர்னைல் ஒன்று. கோல் வலையைக் காத்தவர் பீட்டர் தங்கராஜ். 2–1. சூனி கோஸ்வாமியின் தலைமையில் வாங்கிய அந்தத் தங்கத்துக்குப் பிறகு இன்றுவரை ஆசியாட் கால்பந்தில் இந்தியாவுக்குத் தங்கம் இல்லை. சோந்தியின் நிலைப்பாடு சரியா, அதற்காக வீரர்கள் அந்தக் கூச்சலைத் தாங்க வேண்டியிருந்தது நியாயமா என்று கேட்டால், சோந்தி சரி என்றுதான் சொல்வேன். விதியை வகுத்தவரே அது மீறப்படும்போது வாயை மூடிக்கொண்டால் அந்த விதிக்கு வேறு யார் துணை?

இதன் தொடர்ச்சி இன்னும் பெரியது. சர்வதேச ஒலிம்பிக் குழு இந்தோனேசியாவை இடைநீக்கம் செய்ய, சுகர்னோ 'புதிதாக எழும் நாடுகளின் விளையாட்டு' என்ற பொருளில் கனெஃபோ என்று ஒரு போட்டியை 1963 நவம்பரில் ஜகார்த்தாவிலேயே நடத்தினார். சீனாவின் பணமும் ஆதரவும் அதற்கு இருந்தன. அதில் ஓடியவர்களுக்கு ஒலிம்பிக் கதவை மூடினார்கள். வட கொரியாவின் சின் கிம்-தான் 400, 800 மீட்டர்களில் உலகிலேயே வேகமானவராக இருந்த பெண். கனெஃபோவில் ஓடிய காரணத்தால் 1964 டோக்கியோவில் அவரால் ஓட முடியவில்லை. கொரியப் போரில் பிரிந்து தெற்கே போன அவருடைய தந்தை மகளைப் பார்க்க டோக்கியோ வந்தார். சில நிமிடங்கள் சந்தித்தார்கள். வட கொரிய அணி போட்டியிலிருந்து விலகி ஊர் திரும்பிவிட்டது.

அடுத்த இருபது ஆண்டுகளில் ஆசியாட் செத்துப்போகாமல் இருந்ததற்குக் காரணம் பாங்காக். 1966-இல் முறைப்படி அதன் வாய்ப்பு. இந்தோனேசியா, தைவான், இஸ்ரேல் எல்லாமே அங்கு வந்தன. 1970-ஐ நடத்த ஒப்புக்கொண்ட சியோல், செலவையும் வட கொரியாவின் அச்சுறுத்தலையும் காட்டி விலகியது. பாங்காக் மீண்டும் நடத்தியது. 1978-க்குச் சிங்கப்பூர் முடியாது என்றது, இஸ்லாமாபாத்தும் கைவிட்டது. மறுபடியும் பாங்காக். அரங்குகள் தயாராக இருந்தது ஒரு காரணம்தான். யார் வந்தாலும் வரவேற்கும் தாய்லாந்தின் போக்கும் உதவியது.

நடுவில் 1974 தெஹ்ரான். மன்னர் ஷாவின் ஈரான் எண்ணெய்ப் பணத்தில் நடத்திய போட்டி. மக்கள் சீனக் குடியரசு முதன்முறையாக வந்தது, தைவான் வெளியேற்றப்பட்டது. இஸ்ரேலோடு விளையாட மாட்டோம் என்று பல நாடுகள் ஒதுங்கின. வட கொரியாவும் குவைத்தும் கால்பந்தில் களமிறங்காமல் விட்டுக்கொடுக்க, இஸ்ரேல் இறுதிவரை போய் ஈரானிடம் 0–1 எனத் தோற்றது. தடகளத்தில் இஸ்ரேலின் எஸ்தர் ரோட் மூன்று தங்கம் வென்றார். ஆசியாட்டில் இஸ்ரேல் கலந்துகொண்டது அதுவே கடைசி. 1978-இல் பாதுகாப்புச் செலவைக் காரணம் காட்டிச் சேர்க்கவில்லை. 1982 நவம்பரில் பழைய கூட்டமைப்பைக் கலைத்துவிட்டு ஆசிய ஒலிம்பிக் கவுன்சிலை உருவாக்கியபோது, அதற்கு அதில் இடமே தரப்படவில்லை. பிறகு அது ஐரோப்பிய அமைப்பில் போய்ச் சேர்ந்தது. தைவான் 'சீன தைபே' என்ற பெயரோடு 1990-இல் திரும்பியது.

1982 டெல்லி என்றதும் நம் தலைமுறைக்குப் போட்டியின் சின்னமான அப்பு யானையும் வண்ணத் தொலைக்காட்சியும் நினைவுக்கு வரும். ஹாக்கி இறுதியில் பாகிஸ்தானிடம் 1–7 என்று தோற்றதும் வரும். அதே ஆண்டு முதன்முறையாகச் சேர்த்த பெண்கள் ஹாக்கியில் இந்தியா தங்கம் வென்றதை மட்டும் யாரும் சொல்வதில்லை. 61 தங்கத்துடன் சீனா ஜப்பானை (57) முந்தியதும் அங்கேதான். அன்று பிடித்த முதலிடத்தைச் சீனா இன்னும் விடவில்லை.

ஆனால் அந்த ஆசியாட் இந்தியாவுக்கு விட்டுச்சென்றவற்றில் நான் உயர்வாக மதிப்பது ஒரு தீர்ப்பை. மைதானங்களையும் மேம்பாலங்களையும் கட்ட ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம், ஒரிசா என்று பல மாநிலங்களிலிருந்து கூட்டிவரப்பட்ட தொழிலாளர்களுக்குக் குறைந்தபட்சக் கூலிகூட முழுதாகக் கைக்குப் போகவில்லை. ஜனநாயக உரிமைகளுக்கான மக்கள் ஒன்றியம் இதை ஒரு கடிதமாக எழுதி உச்ச நீதிமன்றத்துக்கு அனுப்பியது. அந்தக் கடிதத்தையே மனுவாக எடுத்துக்கொண்டு, 1982 செப்டம்பரில் நீதிபதி பி.என். பகவதி தீர்ப்பளித்தார்: குறைந்தபட்சக் கூலிக்கும் குறைவாகக் கொடுத்து வேலை வாங்குவது அரசியலமைப்பின் 23-ஆம் பிரிவு தடைசெய்யும் கட்டாய உழைப்பே. பொதுநல வழக்குகளின் வரலாற்றில் இதற்குத் தனி இடம் உண்டு. சட்டம் படிப்பவர்கள் இதை 'ஆசியாட் தொழிலாளர் வழக்கு' என்றே அழைக்கிறார்கள்.

1982-இல் உருவான ஆசிய ஒலிம்பிக் கவுன்சிலின் முதல் தலைவர் குவைத்தின் ஷேக் ஃபஹத். 1990 ஆகஸ்ட் 2 அன்று ஈராக் படை குவைத்துக்குள் நுழைந்தபோது தஸ்மான் அரண்மனையில் கொல்லப்பட்டார். அடுத்த மாதம் பெய்ஜிங்கில் ஆசியாட். ஈராக் அதில் சேர்க்கப்படவில்லை.

1986 சியோலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பி.டி. உஷா நான்கு தங்கமும் ஒரு வெள்ளியும் வென்றார். இந்தியா மொத்தமாக வாங்கிய தங்கமே ஐந்து, மீதி ஒன்று மல்யுத்தத்தில் கர்தார் சிங்குடையது. நான்கு ஆண்டுகள் கழித்து பெய்ஜிங்கில் அந்த ஐந்தும் ஒன்றானது. அந்த ஒன்றையும் தந்தது கபடி. டெல்லியில் காட்சிப் போட்டியாக மட்டும் நடந்த கபடி, பெய்ஜிங்கில் முதன்முறையாகப் பதக்க விளையாட்டானது. நம் ஊர்த் திடல்களில் சடுகுடு ஆடியவர்களுக்கு உலக மேடையில் கிடைத்த பெரிய இடம் அது. 2014 வரை தொடர்ந்து ஏழு முறை இந்திய ஆண்கள் அணி தங்கம் வென்றது. 2018-இல் ஈரான் அரையிறுதியில் இந்தியாவைத் தோற்கடித்து அந்த வரிசையை முறித்தது. பெண்கள் இறுதியிலும் ஈரானே வென்றது. இந்திய ரசிகனாக எனக்கு அது வலித்தது. ஆனால் ஒரே நாடு வென்றுகொண்டிருக்கும் ஆட்டம் அதிக நாள் நிற்காது. ஈரானின் வெற்றி கபடிக்கு நல்லதே செய்தது.

இதுவே நீங்கள் கேட்ட 'ஒலிம்பிக் இருக்க இது எதற்கு' என்ற கேள்விக்கு ஒரு நேரடிப் பதிலும்கூட. கபடிக்கும், காலால் பந்தை வலைக்கு மேல் அடித்து ஆடும் செபாக் தக்ரோவுக்கும், சீனத் தற்காப்புக் கலையான ஊஷூவுக்கும் ஒலிம்பிக்கில் இடமில்லை. ஒலிம்பிக்கில் இன்றுவரை ஒரு பதக்கமும் வாங்காத வங்கதேசம், 2010 குவாங்சோவில் கிரிக்கெட்டில் தன் முதல் ஆசியாட் தங்கத்தை வென்றது.

எல்லை திறந்த நேரங்களும் உண்டு. சோவியத் உடைந்தபின் 1994 ஹிரோஷிமாவுக்கு மத்திய ஆசியாவின் ஐந்து நாடுகளும் வந்தன. வந்த முதல் முறையே உஸ்பெகிஸ்தான் கால்பந்துத் தங்கத்தைத் தூக்கிக்கொண்டு போனது. 2002 புசானுக்கு வட கொரியா கப்பலில் ஆதரவாளர்களை அனுப்பியது. இரு கொரியாக்களும் ஒரே கொடியின் கீழ் அணிவகுத்தன. 2018-இல் பெண்கள் டிராகன் படகுப் போட்டியில் இணைந்த கொரிய அணி தங்கமே வென்றது. 1964-இல் சின் கிம்-தானுக்குக் கிடைக்காதது அந்தப் படகிலிருந்த பெண்களுக்கு ஒரு நாளாவது கிடைத்தது.

கொரோனாவால் ஓராண்டு தள்ளி 2023-இல் நடந்த ஹாங்சோ போட்டியில் இந்தியா 28 தங்கம் உட்பட 107 பதக்கங்களை வென்றது. நூறைத் தாண்டியது அதுவே முதல் முறை. ஆனால் அருணாசலப் பிரதேசத்தைச் சேர்ந்த மூன்று ஊஷூ வீராங்கனைகளால் சீனாவுக்குப் போக முடியவில்லை. அவர்கள் ஊர் யாருடையது என்ற எல்லைத் தகராறுதான் காரணம். இந்திய விளையாட்டு அமைச்சர் தன் பயணத்தை ரத்து செய்தார். வேறொரு பக்கம், தாலிபான் ஆட்சியில் பெண்கள் விளையாடவே முடியாத ஆப்கானிஸ்தானுக்காக, வெளிநாடுகளில் தஞ்சம் புகுந்த ஆப்கன் பெண்கள் பழைய மூவண்ணக் கொடியின் கீழ் நடந்தார்கள். ஜகார்த்தாவில் எழுந்த அதே கேள்வி அறுபது ஆண்டுகள் கழித்தும் முடியவில்லை.

ஒரு காலத்தில் விசாவால் மூடிய கதவு இப்போது பணத்தாலும் மூடுகிறது. 2018-இல் நடந்த போட்டியை முதலில் பெற்றது ஹனோய்தான். செலவு தாங்காது என்று 2014-இல் விலகியது. 2026-ஐ நடத்தும் ஜப்பானின் ஐச்சி–நகோயா, செலவைக் குறைக்கத் தனி விளையாட்டுக் கிராமம் கட்டும் திட்டத்தையே கைவிட்டு, வீரர்களில் ஒரு பகுதியினரைப் பயணக் கப்பலில் தங்கவைக்க முடிவு செய்தது. சரியான முடிவு என்றே நினைக்கிறேன். அதற்குப் பிறகு 2030 தோஹாவுக்கும் 2034 ரியாத்துக்கும் போய்விட்டது. 1951-இல் டெல்லிக்கு வந்த 11 நாடுகளில் இந்தியா, பிலிப்பைன்ஸ், ஜப்பான், இந்தோனேசியா, தாய்லாந்து, ஈரான் ஆகிய ஆறும் ஒருமுறையேனும் ஆசியாட்டை நடத்திவிட்டன. இலங்கை, நேபாளம், பர்மா, ஆப்கானிஸ்தான், சிங்கப்பூர் ஆகிய ஐந்தும் இன்னும் நடத்தவில்லை. இன்றைய அளவில் சிங்கப்பூரைத் தவிர மற்ற நான்கில் எதுவும் நெருங்கிய காலத்தில் நடத்தும் நிலையிலும் இல்லை.